துண்டு துண்டாகத் தெளியும் ஈ

1665இல் லண்டனில் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் வரைந்த தெள்ளுப்பூச்சி இருக்கிறது. மடித்த தாளைப் பிரித்தால் ஒன்றரை அடி. கால் முள்ளும் முதுகு மயிரும் ஒரே கூர்மையில் தெரியும். அவருடைய நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் அப்படித் தெரிந்திருக்க வழியே இல்லை. வெளிச்சத்தை மாற்றி, பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்டதையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்தார்.

இன்றைய புகைப்படக்கலையில் ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ என்னும் உத்தி செய்வதும் அதுதான். பூச்சியின் உருவம் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழுந்தால், எஃப் 8இல்கூட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். ஈயின் கண் துலங்கினால் இறக்கை மங்கிவிடும். லென்ஸின் துளையை எஃப் 22க்குச் சுருக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுக்கவே மழுங்கும். அதனால் கேமராவை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் கணினி பொறுக்கிச் சேர்க்கிறது.

பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துப் பூச்சிகளை இப்படி எடுத்து 2016இல் காட்சிக்கு வைத்தார். ஒரு பூச்சிக்கு 8,000 படங்களுக்கு மேல்!

நமக்கு அவ்வளவு வேண்டாம். கார் பூட் சேலில் கிடைக்கும் பழைய 50 மி.மீ. லென்ஸை, ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டினாலே கிட்டத்தட்ட உண்மை அளவு வந்துவிடும். துளையைக் கையால் திருகும் வளையம் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். புதிய லென்ஸைத் திருப்பிப் போட்டால் கேமராவால் துளையை மாற்ற முடியாது. நகர்த்துவதற்கு ஒரு திருகு ரெயில். ஃபிளாஷுக்கு முன்னால் டிரேசிங் பேப்பர். இல்லாவிட்டால் வண்டின் ஓட்டில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். படங்களைச் சேர்ப்பதற்கு, ஹுகின் மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் இலவசம்.

லண்டனின் பழைய வீடுகளில் மரத்தளம்தான் பெரிய எதிரி. யாராவது நடந்தாலே படம் ஆடிவிடும். இரண்டு விநாடி டைமர் வையுங்கள், மாடிப்படியில் ஆள் ஏறாத நேரமாகப் பாருங்கள்.

உயிருள்ள பூச்சி வேண்டுமானால் குளிர் விடாத விடிகாலையில் போக வேண்டும். உடம்பு சூடேறும்வரை அது அசையாது. ஹூக் தம் எறும்புக்குப் பிராந்தி ஊற்றி மயக்கினார்! அதெல்லாம் வேண்டாம். ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈயில் தொடங்குங்கள். முகத்துக்கு நேராக எடுத்தால் உடல் நீளம் ஏழு மில்லிமீட்டரையும் கடக்க வேண்டும், 0.3 மி.மீ. வீதம் நகர்த்தினால் இருபதுக்கு மேல் படங்கள். பக்கவாட்டில் பாதி போதும். கால்மேல் கால் விழும் இடங்களில் மென்பொருள் குழம்பிப் பேய்நிழல் போடுவதும் பக்கவாட்டில் குறைவு.