மருந்து திரிகிறதா? தண்ணீரைப் பாருங்கள்

வேப்பெண்ணெயைச் சோப்புடன் கலந்து தெளித்தும் அசுவினி போகவில்லை என்று விவசாயிகள் குறைப்படுவதுண்டு. எண்ணெய் தனியே மிதந்து, வெள்ளைத் திரியும் கட்டினால் குற்றம் பெரும்பாலும் தண்ணீரில்தான்.

எண்ணெயைக் காஸ்டிக் சோடாவுடன் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். துணியில் அழுக்கு போவதும், வேப்பெண்ணெய் நீரில் கலப்பதும் இதனால்தான். கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புக்கள் சோப்புடன் சேர்ந்து, கரையாத திரியாகிவிடும். அவை தீரும்வரை நுரை வராது. அதுவரை போட்ட சோப்பு வீண். பிரிந்த எண்ணெய் ஓரிடத்தில் விழுந்து இலையையும் கருக்கும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து இறைக்கப்படுவது மணற்பாறை நீர், சுண்ணாம்பு குறைவு. சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூர்ப் பக்கம் கதை வேறு. ஆயினும் கிணற்றுக்குக் கிணறு நீர் மாறும். ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். துவரம்பருப்பு வேகத் தாமதமாகும் வீட்டுப் பெண்களுக்கு இது முன்பே தெரியும்!

இரண்டு பாட்டில்களில் கிணற்று நீரும் மழைநீரும் சம அளவு எடுத்து, சோப்புச் சீவல் ஒரே அளவு போட்டுக் குலுக்கினால் வித்தியாசம் தெரியும்.

கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினம் மட்டுமே நீங்கும். தெளிப்புக்கு அத்தனை நீரையும் கொதிக்க வைப்பது நடக்கிற காரியமுமல்ல. மழைநீர் இல்லையேல் சோப்புக்குப் பதில் டீப்பால் சேர்க்கலாம். கடின நீரில் அது திரியாது. லிட்டருக்கு வேப்பெண்ணெய் 30 மில்லி, டீப்பால் 1 மில்லி. இரண்டையும் முதலில் சிறிது நீரில் நன்கு அடித்துக் கலந்து, பிறகு மீதி நீரை ஊற்றவும். நாலைந்து செடிகளில் தெளித்துப் பார்த்துவிட்டு, மாலையில் வயல் முழுதும் தெளிக்கவும்.