பொறாமை ஒன்றா, இரண்டா?

சின்னாட்களின் முன்னர், மேல் வகுப்பு மாணவன் ஒருவன் ‘ஒதெல்லோ’ நாடகக் கதையைத் தமிழிற் சுருக்கி எழுதிக் கொணர்ந்தான். “இயாகோ பொறாமை கொண்டான், ஒதெல்லோவும் பொறாமை கொண்டான்” என்பது அதில் ஒரு வரி. பிழையின்றெனக் கண்டு கையொப்பமிட்டேன். அவனோ, “பண்டிதர் ஐயா, இருவர்க்கும் நோய் ஒன்றாயின், ஒருவனை வெறுக்கின்றோம், மற்றவனுக்கு இரங்குகின்றோம். அஃது எதனால்?” என வினவினான். விடை கூற இயலாது மறுநாள்வரை தவணை கேட்டேன்.

ஆங்கிலத்திலே இதற்கு இரு சொற்கள் உள. பிறனுக்கு வாய்த்த ஆக்கம் தனக்கு வாய்க்கவில்லையே எனப் புழுங்குவது என்வி. தனக்குரிய அன்பைப் பிறன் கவர்ந்துவிடுவானோ என அஞ்சி வேவது ஜெலசி. இக்காலப் பேச்சிலே ஆங்கிலரும் பின்னதையே இரண்டிற்கும் வழங்குவதுண்டு. ஆயினும் வேற்றுமை அழிந்திலது.

விபுலாநந்த அடிகள் ‘மதங்க சூளாமணி’யிலே செகசிற்பியார் எனப் போற்றிய அப்பெரும்புலவர் இரண்டையும் ஒரே நாடகத்தில் எதிரெதிர் நிறுத்தினார். தான் விரும்பிய படைப்பதவி காசியோவுக்குக் கிடைத்தமை இயாகோவுக்குப் பொறுக்கவில்லை. ஒதெல்லோவுக்கோ மனைவியின் அன்பே உயிர். அதனை இழந்தேன் என நம்புவதற்கு ஒரு கைக்குட்டை போதியதாயிற்று. இயாகோவிடத்தும் மனைவியைப் பற்றிய ஐயம் சிறிது உண்டு. எனினும் அவனைப் பெரிதும் இயக்குவது முன்னதே.

சொற்பிறப்பும் இதற்குத் துணையாகும். என்வி, நோக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது; பிறர் ஆக்கத்தைத் தீய கண்கொண்டு நோக்குதல் அதன் பழம்பொருள். நம்மவர் கண்ணூறு என்பதும் இக்கருத்திற்கு அயலதன்று. ஜெலசி, ஆர்வமிகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. அதனாலன்றோ 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம், தன் மக்கள் பிற தெய்வங்களை வணங்கப் பொறாத இறைவனுக்கும் அவ்வடையைத் தந்தது! பழைய தமிழ் விவிலியம் அவ்விடத்துப் பொறாமை என்னாது, எரிச்சல் என்றது.

வள்ளுவர் 17 ஆம் அதிகாரத்திற் கடிந்த அழுக்காறு, பிறர் ஆக்கம் கண்டு புழுங்குவது. ஆகவே என்வி அதுவே. மற்றதன் மெல்லிய நிழலைப் புலவி நுணுக்கத்திற் காணலாம்: கணவன் தும்ம, வாழ்த்திய தலைவியே, ‘யார் நினைக்கத் தும்மினீர்?’ என அழுகின்றாள். ஆனால் ஒதெல்லோவின் கொடுந்துயரைப் புலவி என்னும் சொல் தாங்காது.

மறுநாள் இவற்றைச் சொன்னேன். மாணவன் இயாகோவுக்கு ‘அழுக்காறு கொண்டான்’ என்றும், ஒதெல்லோவுக்கு ‘மனையாளின் அன்பை இழந்தேனோ என்னும் ஐயத்தால் வெந்தான்’ என்றும் திருத்தினான். ஒரு சொல்லின் இடத்தில் ஒரு தொடர் வந்தது, பொருள் பிழைத்தது. முன்னாள் இட்ட கையொப்பத்தை அடித்து, யான் புதிதாக ஒன்று இட்டேன்.