கல்லோடு ஒட்டி வரும் கல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புவியமைப்பியல்)

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மூன்று கற்களை மேசைமீது வைத்தார். ஒன்று சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக இருந்தது. இரண்டாவதில் கருமையும் சாம்பல் நிறமும் வரிவரியாக மாறி மாறி ஓடின. மூன்றாவது வெளிறிய கல்; அதன் நடுவே ஒரு கரும்பட்டை. "இவை மூன்றும் சேலத்தைச் சுற்றி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்குள் கிடைப்பவை. ஒன்று நெருப்பில் பிறந்தது. ஒன்று கடலில் பிறந்தது. ஒன்று நீரும் வாயுவும் சேர்ந்து பெற்றது. எது எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். வகுப்பே வாய் திறக்கவில்லை.

வெள்ளைக் கல்லை மட்டும் எனக்கு முன்பே தெரியும். அது மாக்னசைட். என் தாயார் ஒரு மாக்னசைட் சுரங்கத்தில் கல் கொத்தும் வேலை செய்தவர். வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லில் வேறு கல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தியலால் கொத்தி நீக்கி, தூய கல்லைத் தனியே குவிக்க வேண்டும். அன்று மாலை ஆசிரியர் கேட்டதை வீட்டில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. இத்தனை வருசம் கொத்துனேனே, அந்த ஒட்டுக்கல்லு ஏன் வெள்ளைக்கல்லை விடாமக் கூடவே வருது? அதைப் படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு வைத்த முதல் தேர்வில் நான் விடையெழுதாமல் விழித்தேன். அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தாது என்பது யாது?

நாம் மிதிக்கும் சாதாரணக் கல்லிலும் உலோகங்கள் உண்டு. புவியின் மேலோட்டில் இரும்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. மக்னீசியம் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். குரோமியம் ஆயிரம் கிலோ கல்லுக்கு ஏறக்குறைய 100 கிராம். தங்கமோ ஆயிரம் கிலோவுக்கு நான்கு மில்லிகிராமைத் தாண்டாது. ஆகவே தெருவில் கிடக்கும் கல்லிலும் தங்கம் உண்டு என்று சொன்னால் அது பொய்யன்று. ஆனால் அதை எடுக்க முனைவது மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகவே முடியும்.

எடுக்கும் செலவுக்கு மேல் பயன் தருமளவு ஒரு கனிமம் ஓரிடத்தில் குவிந்திருந்தால்தான் அதைத் தாது என்கிறோம். எனவே தாது என்ற சொல்லில் இயற்கையின் கணக்கும் இருக்கிறது. மனிதனின் கணக்கும் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்க வயல் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே தோண்டப்பட்டது. அது 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டபோது கல்லில் தங்கம் அடியோடு தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை விஞ்சிவிட்டது.

அப்படியானால், சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் குவிப்பது எது? சுருங்கச் சொன்னால், தாது உண்டாக மூன்று வேண்டும். உலோகத்தைத் தரும் ஒரு மூலம், அதைச் சுமந்து செல்லும் ஓர் ஊர்தி, அதை இறக்கிவைக்கச் செய்யும் ஒரு காரணம். பாறைக்குழம்பு, கடல், நிலத்தடி நீர் ஆகியவை அந்த ஊர்திகளுள் சில. மேசைமீதிருந்த மூன்று கற்களும் இம்மூன்றுக்கும் சான்றுகள்.

நெருப்பில் பிறந்த கல்

கரும்பட்டை ஓடிய கல் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியைச் சேர்ந்தது. வெளிறிய பகுதி அனார்த்தசைட் என்னும் பாறை. கரும்பட்டையில் இருப்பது குரோமைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு ஒன்று மெல்லக் குளிர்ந்தது. குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒருசேர உறைவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய வெப்பநிலையில் படிகமாகிறது. குரோமைட் முந்தி உறையும் இனம், கனமும் மிகுதி. ஆதலால் அது தனிப்பட்டையாகச் சேர்ந்து தங்கியது. பாலைக் காய்ச்சி ஆறவிட்டால் ஆடை தனியே பிரிவதைப் போன்றது இது. ஆடை மேலே படியும். இது கீழே படியும், அவ்வளவே.

இக்குரோமைட்டைப் பகுத்தாய்ந்தால் அதில் குரோமியத்துடன் அலுமினியம், இரும்பு, மக்னீசியம் ஆகியவையும் இடம் பிடித்திருப்பது தெரியும். எது எவ்வளவு இடம் பிடித்தது என்பது அன்றைய குழம்பின் தன்மையைப் பொறுத்தது. சித்தம்பூண்டிக் குரோமைட்டில் அலுமினியமும் இரும்பும் மிகுதி. எனவே இதைப் பெற்ற குழம்பும் அலுமினியம் மிகுந்ததே என்று அறிகிறோம். உருக்காலைக்கு இது உயர்ந்த தரமன்று என்பதற்கும் காரணம் அதுவே.

இக்கல்லின் வெளிறிய பகுதிக்கு வேறொரு பெருமை உண்டு. சுண்ணச் சத்து மிகுந்த இந்த அனார்த்தசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. 2019-இல் ஏவப்பட்ட சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலத்தையும் உலாவியையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. இஸ்ரோ அறிஞர்கள் அதற்குச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கற்களையே பொடித்துப் பயன்படுத்தினர்.

கடலில் பிறந்த கல்

வரிவரியான கல் கஞ்சமலையைச் சேர்ந்தது. கரிய வரி மாக்னடைட் என்னும் இரும்புத் தாது. சாம்பல் வரி குவார்ட்சு. சித்தர் கோயிலுக்கு மக்கள் திரளும் அந்த மலை, ஒரு காலத்தில் கடலடியில் படிந்த படிவு என்றால் நம்ப அரிதாகத்தான் இருக்கும்.

இதன் சூட்சுமம் ஆக்சிசனில் இருக்கிறது. இரும்புக்கு இருநிலைகள் உண்டு. ஒரு நிலையில் அது நீரில் கரையும். ஆக்சிசன் ஏறிய மறுநிலையில் கரையாது. கிணற்றிலிருந்து இறைத்த தெளிந்த நீர் சிறிது நேரத்தில் துருநிறம் கொள்வதைச் சில ஊர்களில் காணலாம். அதுவே பழங்கடலில் பேரளவில் நடந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை வளிமண்டலத்தில் தனி ஆக்சிசன் இல்லை எனலாம். கடல் நீர் இரும்பைக் கரைத்து வைத்திருந்தது. அந்த இரும்பு மெல்ல மெல்லக் கரையா நிலையை அடைந்து, சிலிக்காவுடன் அடுக்கடுக்காகப் படிந்தது. பின்னர் ஆழத்தில் புதைந்து, வெந்து, நெரிந்து, இன்றைய கஞ்சமலைக் கல்லாயிற்று.

அக்கடலுக்கு அவ்வளவு இரும்பு வந்தது எப்படி? இத்தகைய பழம்பாறைகளில் யூரோப்பியம் என்னும் அருந்தனிமம் தன் இனத்தாரைவிட மிகுந்து காணப்படுகிறது. கடலடி வெந்நீர் ஊற்றுகளின் நீரிலும் இதே மிகுதி உண்டு. 1979-இல் கிழக்குப் பசிபிக் கடலடியில் 350 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீர் கரும்புகைபோல் உலோகங்களைக் கக்குவதை ஆய்வாளர் கண்டனர். எனவே பழங்கடலின் இரும்பிலும் இவ்வூற்றுகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்று கொள்கின்றனர். கல்லில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு தனிமம், மலையளவு இரும்பின் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது!

நீரும் வாயுவும் பெற்ற கல்

இனி என் அம்மாவின் கல்லுக்கு வருவோம். சேலத்துக்கு வடமேற்கே, செட்டிச்சாவடியை அடுத்த வெண்ணிற மேடுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்றனர். பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்துப் புகழ்பெற்ற புரூஸ் ஃபுட், கிங் என்பவருடன் சேர்ந்து 1864-இல் வெளியிட்ட நூலில் சேலம் பகுதிப் பாறைகளை விவரித்தார். அங்குள்ளது சாக் அன்று, சுண்ணாம்பும் அன்று. அது மக்னீசியம் கார்பனேட்.

அதன் தாய்ப்பாறை கரும்பச்சை நிறமுள்ள டியூனைட். அது பெரும்பாலும் ஆலிவின் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. ஆலிவினில் இருப்பவை மக்னீசியமும் சிலிக்காவும், சிறிது இரும்பும். இப்பாறை வெடித்துப் பிளந்த இடங்களில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்தது. அந்நீர் ஆலிவினைச் சிதைத்தது. மக்னீசியம் கரியமில வாயுவோடு சேர்ந்து மாக்னசைட்டாகி வெடிப்புகளில் வெண்ணரம்புகளாகப் படிந்தது. எஞ்சியதில் ஒரு பகுதி செர்பென்டைன் என்னும் பச்சைக் கனிமமாயிற்று. கரியமில வாயு மிகுந்த இடத்திலோ சிலிக்கா தனியே பிரிந்து, மெழுகுபோல் வழவழக்கும் கால்செடோனியாகப் படிந்தது.

இங்கே நான் வியந்த செய்தி ஒன்று உண்டு. டியூனைட்டில் மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு வரை இருக்கிறது. தூய மாக்னசைட்டில் இருப்பதோ 47.8 விழுக்காடுதான். அப்படியானால் தாது, தாய்ப்பாறையைவிடச் செறிவானதன்று! பிறகு இயற்கை செய்த வேலைதான் என்ன? அது மக்னீசியத்தைச் சிலிக்காவின் பிடியிலிருந்து விடுவித்தது. மாக்னசைட்டைச் சூளையில் இட்டால் கரியமில வாயு பறந்துவிடும். மக்னீசியா மட்டும் மிஞ்சும். 2,800 பாகை செல்சியசு வரை உருகாத பொருள் அது. எஃகு உலையின் உட்சுவர்ச் செங்கல்லுக்கு அதுவே வேண்டும். டியூனைட்டை எவ்வளவு சுட்டாலும் சிலிக்கா போகாது. சிலிக்கா, அதிலும் சுண்ணத்துடன் சேர்ந்த சிலிக்கா, செங்கல்லை எளிதில் இளகச் செய்துவிடும். சிலிக்கா குறைந்த கல்லுக்கு நல்ல விலை கிடைப்பது இதனாலேயே.

கல்லில் எழுதிய கணக்கு

அந்த நீர் ஆழத்திலிருந்து எழுந்த வெந்நீரா, மேலிருந்து இறங்கிய மழைநீரா? உலகெங்கும் இத்தகைய மாக்னசைட் பற்றி இவ்வினா எழுந்ததுண்டு. இதற்கும் கல்லையே கேட்க வேண்டும். கார்பன் அணுக்களில் எடை குறைந்தவையும் கூடியவையும் உண்டு. செடிகொடிகள் எடை குறைந்த கார்பனையே விரும்பி ஏற்கின்றன. ஆகவே மண்ணிலுள்ள இலைதழை மக்கிய வாயுவால் உண்டான மாக்னசைட்டில் இலேசான கார்பன் மிகுந்திருக்கும். ஆழத்து வாயுவால் உண்டானதில் அவ்வளவு இராது. ஆக்சிசனிலும் இவ்வாறே எடை வேறுபாடு உண்டு. நீர் குளிர்ந்ததாக இருந்தால் கனிமம் கனத்த ஆக்சிசனை மிகுதியாக ஏற்கும். அந்த விகிதத்தை அளந்தால் படிந்த காலத்து வெப்பநிலையைக் கணிக்கலாம். வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பநிலையைக் கல்லே குறித்து வைத்திருக்கிறது!

தாய்ப்பாறையை அடையாளம் காட்ட நிக்கல் உதவுகிறது. ஒரு கனிமத்தில் எந்த அணு எதன் இடத்தில் அமரும் என்பது பெரும்பாலும் அதன் பருமனையும் மின்னேற்றத்தையும் பொறுத்தது என்று விளக்கியவர் கோல்ட்ஷ்மிட் (1888-1947). புவி வேதியியலின் தந்தை என அவரைப் போற்றுவர். நிக்கலும் மக்னீசியமும் பருமனில் ஏறக்குறைய ஒன்று. எனவே நிக்கல் ஆலிவினுள் எளிதாக இடம் பிடிக்கிறது. ஒரு கிலோ டியூனைட்டில் ஏறத்தாழ 2 கிராம் நிக்கல் இருக்கும். கிரானைட்டில் மிகச் சொற்பமே. பாறையே வெளித்தெரியாத வயலிலும், மண்ணைப் பகுத்து நிக்கலும் குரோமியமும் மிகுந்திருக்கக் கண்டால், கீழே இவ்வினப் பாறை இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 100 கிலோ தூய மாக்னசைட்டில் 52 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. சூளையில் நாம் அதை மீண்டும் வானில் விடுகிறோம். ஐஸ்லாந்தில் 2012-இல் இதற்கு நேர்மாறான சோதனை ஒன்று நடந்தது. கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறையினுள் செலுத்தினர். அதில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கார்பனேட் கல்லாகிவிட்டது. நம் சேலத்து மேடுகளில் இயற்கை செய்த வேலையின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும்.

அம்மாவுக்கு விடை

சென்ற பொங்கல் விடுமுறையில் அம்மாவிடம் இவற்றைச் சொன்னேன். வீட்டு வாசலில் அவர் வேலைக் காலத்துக் கல் ஒன்று கிடக்கிறது. ஒட்டுக்கல் இருவகை. பச்சையாக ஒட்டியிருப்பது மாறாமல் நின்ற தாய்ப்பாறையும் செர்பென்டைனும். வழவழப்பாக, சுத்தியலுக்கு மசியாமல் இருப்பது சிலிக்கா. அது வெள்ளைக்கல்லோடு ஒரே வயிற்றில் பிறந்த உடன்பிறப்பு. ஆலிவின் முழுவதும் மாக்னசைட்டாகவும் சிலிக்காவாகவும் மாறினால், 100 கிலோ மாக்னசைட்டுக்கு ஏறத்தாழ 36 கிலோ சிலிக்கா பிரிய வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. அதில் ஒரு பகுதி நீரோடு போயிருக்கும். மற்றது பக்கத்திலேயே படிந்திருக்கும். "அது இல்லாமல் வெள்ளைக்கல்லே உண்டாகாதும்மா. பிரிக்கிற வேலையை நீர் முக்கால்வாசி செய்தது. மிச்சத்தைத்தான் நீங்கள் சுத்தியலால் செய்தீர்கள்" என்றேன்.

அம்மா அந்தக் கல்லைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அப்போ நான் கொத்திப் போட்டது குப்பையில்லைன்னு சொல்லு" என்றார்.

நண்பர்களே! நம் கல்லூரியில் பயிலும் பலருடைய வீட்டிலும் கல்லோடும் மண்ணோடும் உழைத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் கையால் அறிந்த ஒன்றுக்கு நம் பாடநூலில் காரணம் இருக்கக்கூடும். எதைப் படித்தாலும் அதை ஒருமுறை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கே எழும் கேள்விக்கு விடை தேடினால் பாடம் மறக்காது என்பது என் அனுபவம்.