வருஷத்தைப் பார்க்காதீர்கள், ஷட்டிலைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் தையல் மிஷின் வாங்குகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ‘அந்தக் காலத்து இரும்பு, அசைக்க முடியாது’ என்று கறுப்பு மிஷினுக்கு வாதாடுவது ஒரு கட்சி. ‘இனிமேல் யார் காலால் மிதிப்பது? பத்து விதத் தையல் போடும் கரன்ட் மிஷினே பாதி விலைக்குக் கிடைக்கிறதே’ என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சியும் மிஷினின் வயதை வைத்துத்தான் சண்டை போடுகின்றன. ஆனால், வயதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. அந்த மிஷினில் எது தேய்ந்திருக்கிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியுமா? தேய்ந்ததை அவர் இருக்கிற இடத்திலேயே மாற்ற முடியுமா? பெரிய ஊரில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழித்துவிடலாம். கொல்லிமலையில் அது முடியாது.

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரையும் தாண்டிய உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடும் சோளக்காடும் கடைத்தெரு உள்ள ஊர்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பிரிந்து கிடக்கும் சிற்றூர்களிலிருந்து அங்கு வந்து சேர்வதே ஒரு பயணம். தையல் வேலையோ வருஷம் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. பள்ளி திறக்கும் ஜூன், வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி, அப்புறம் தீபாவளி, பொங்கல் என்று சில வாரங்களில்தான் குவியும். அந்த வாரத்தில் மிஷின் நின்றுபோனால், பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ் ஏற்றி, நாமக்கல்லோ ராசிபுரமோ கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு போகும். ‘பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லிவிட்டால் பண்டிகையும் போகும். ஆகவே, மலையில் ஒரு மிஷினின் விலை என்பது விற்கிறவர் சொல்லும் தொகை மட்டுமல்ல. அதைச் சரிசெய்ய எத்தனை முறை மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதும் விலையில் சேர்ந்ததுதான்.

இந்தக் கணக்கில் கறுப்பு மிஷினுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. அதற்குக் காரணம் இரும்பின் கனம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம், அது எல்லோருக்கும் பொதுவான ஒரு வடிவம் என்பது. நம் வீடுகளில் ஓடும் நேர்த்தையல் மிஷின்களில் பெரும்பாலானவை, சிங்கர் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செய்துவந்த 15-ஆம் வகுப்பு மிஷினின் வழி வந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் இதே வடிவத்தைப் பொதுவில் எடுத்து, உதிரிப் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளவுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டன. இந்தியாவில் 1930-களில் கல்கத்தாவில் பிறந்தது உஷா. பின்னாளில் லூதியானா தையல் மிஷின் உற்பத்தியின் தலைநகரமாயிற்று. கிளைட்பேங்கில் இருந்த சிங்கரின் பெயர்பெற்ற ஸ்காட்லாந்துத் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அங்கே வார்த்த 15-ஆம் வகுப்பு ஹெட்டுக்கு வேண்டிய பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றும் லூதியானாவிலிருந்து வந்து நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் தொங்குகின்றன. செய்த தொழிற்சாலை போய்விட்டாலும் மிஷின் பிழைத்திருக்கிறது என்றால், அதன் உயிர் கம்பெனியின் கையில் இல்லை என்று பொருள்.

இரண்டாவது அனுகூலம், இந்த மிஷின் தன் குறையை ஒளிப்பதில்லை. வாங்கப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு நிற நூலும் இருந்தால் போதும். முதலில் நூல் கோக்காமல் தாளை வைத்து ஓட்டுங்கள். ஊசித்துளைகள் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். கோணினாலும் நெருங்கி விலகினாலும் துணியை நகர்த்தும் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது பாதத்தின் அழுத்தம் சரியில்லை. விரல் நுனியால் பல்லைத் தடவினால் சுரசுரவென்று இருக்க வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் அது உழைத்து ஓய்ந்த பல். ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து ஊசித்தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு பாபின் கேஸை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள பிடியை விலக்கினால் ஷட்டில் கையோடு வந்துவிடும். அதன் கூர்முனைதான் மேல்நூலைக் கொக்கிபோட்டு இழுப்பது. முனை மழுங்கியிருந்தால் தையல் விட்டுவிட்டுப் போகும். பிசிறு இருந்தால் நூல் அறும். கடைசியாக மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல் போட்டு யூனிஃபார்ம் துணியை இரண்டாக மடித்துத் தையுங்கள். மேலே வெள்ளைப் புள்ளியும் கீழே சிவப்புப் புள்ளியும் எட்டிப்பார்க்காவிட்டால் டென்ஷன் நன்றாக இருக்கிறது. பல், ஷட்டில், பாபின் கேஸ் மூன்றும் தேய்ந்திருந்தாலும் பயமில்லை; மாற்றிவிடலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது மெயின் ஷாஃப்டே ஆடினால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

பின்னால் வந்த வீட்டு உபயோகக் கரன்ட் மிஷின்களிடம் இந்தச் சோதனை பாதிதான் செல்லும். அவற்றின் மூடிக்குள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கலாம். கம்ப்யூட்டர் மிஷின் என்றால் சர்க்யூட் போர்டும் சேர்ந்துகொள்ளும். பல்சக்கரத்தில் விழுந்த மயிரிழை விரிசல் வெளியே தெரியாது. கடையில் பத்து நிமிஷம் அழகாகத் தைத்துக் காட்டிய மிஷின், வீட்டுக்கு வந்து ஜீன்ஸ் துணி மடிப்பில் ஏறும்போது சக்கரம் உடைந்து நிற்கலாம். போர்டு இன்னும் மோசம். அது நன்றாக இருக்கும்வரை நன்றாக இருக்கும்; தேய்மானம் என்ற முன்னறிவிப்பே கிடையாது. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் போர்டைத் தேடி எங்கே போவது? இதை நவீனத்தின் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே மிஷினைக் கடையில் புதிதாக, வாரன்டியோடு வாங்குவது நியாயமான முடிவுதான். வெளியே தெரியாத குறைக்குக் கம்பெனி பொறுப்பேற்கிறது என்பதுதானே வாரன்டி? செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அந்தப் பொறுப்பு போய்விடுகிறது, குறை மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது.

வயதை அளவுகோலாக வைக்க முடியாது என்பதற்குச் சிங்கரே சாட்சி. 1960-களில் வந்த அதன் ‘டச் அண்ட் சூ’ வரிசையில் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் புகுந்தன. அவை நாள்பட்டு விரிசல் விடுவது உலகெங்கும் மெக்கானிக்குகள் அறிந்த நோய். அறுபது வயதான அந்த மிஷின், வகையில் ‘புதியது’. போன வருஷம் வார்த்த லூதியானா கறுப்பு மிஷின், வகையில் ‘பழையது’. அதேபோல மிகப் பழையது எல்லாம் நல்லது என்பதும் இல்லை. படகு போன்ற நீள ஷட்டிலும் ஒல்லியான நீள பாபினும் கொண்ட சிங்கர் மிஷின்கள் அழகாகத் தைக்கும். ஆனால், அந்த பாபின் செம்மேட்டுக் கடையில் கிடைக்காது. பிழைப்புக்குத் தைப்பவர் அதை வாங்கக் கூடாது. ஓட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைக்கிறவர்கள் கொடுக்கும் விலைக்கு அதை விட்டுவிடலாம்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. இன்றைக்கு யார் நேர்த்தையல் மட்டும் கேட்கிறார்கள்? புடவைக்கு ஃபால்ஸ், ஓரத்துக்குப் பிகோ, சுடிதாருக்கு ஓவர்லாக் எல்லாம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால், ஒரே மிஷின் எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? நம் தையல் கடைகளில் பிகோவுக்குத் தனி மிஷின், ஓவர்லாக்குக்குத் தனி மிஷின் என்று வைத்திருப்பது பழக்கம். அதில் ஞானம் இருக்கிறது. பிகோ மிஷின் படுத்தாலும் ஜாக்கெட் தைக்கும் வேலை நிற்காது. எல்லாம் ஒன்றான மிஷின் படுத்தால் கடையே படுத்துவிடும். வருமானத்தில் பெரும்பகுதி ஜாக்கெட், பாவாடை, யூனிஃபார்ம் என்று நேர்த்தையலிலிருந்தே வருகிறவர் அதற்கான மிஷினை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் இரும்புப் பாகங்கள் கொண்ட பிகோ மிஷினைத் தேடுவதே முறை.

இரண்டாவது ஆட்சேபம் காலும் வேகமும். நாள் முழுக்கப் பெடல் மிதித்தால் முழங்கால் வலிக்கும் என்பது பொய்யில்லை. அதற்குக் கறுப்பு மிஷினிலேயே வழி உண்டு. பின்புறம் சின்ன மோட்டாரை மாட்டிக்கொள்ளலாம். மோட்டார் எரிந்துபோனாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனாலும், தோல் பெல்ட்டை மறுபடி மாட்டி மிதித்தால் வேலை நடக்கும். வேகமே பிரதானம் என்கிறவர்கள் திருப்பூர்ப் பக்கம் பார்ப்பார்கள். பனியன் கம்பெனிகள் மாற்றித் தள்ளும் ஜூக்கி போன்ற பவர் மிஷின்கள் அங்கே செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. நிமிஷத்துக்கு 4,000, 5,000 தையல் போடக்கூடியவை. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் பள்ளிச் சீருடை தைப்பதுபோல ஒரே வகைத் துணி மூட்டையாக வருகிற வேலைக்கு இவை பொருத்தம். இங்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மோட்டார் தனியாக மேஜைக்கு அடியில் தொங்கி, பெல்ட்டால் ஹெட்டை ஓட்டும் பழைய வகையில், மோட்டார் போனால் மோட்டாரை மட்டும் மாற்றலாம். ஹெட்டுக்குள்ளேயே மோட்டாரும் பக்கத்தில் கன்ட்ரோல் பாக்ஸும் உள்ள புதிய வகையில் மறுபடி போர்டு பிரச்சினை. தொழிற்சாலையில் ஓடிய மோட்டார் த்ரீ பேஸாக இருக்கலாம். வீட்டு இணைப்பில் அது ஓடாது. ஊசியும் வேறு, உருண்டைக் காம்பு ஊசி. மலையேறும்போதே ஒரு பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, மலை மூட்டத்தில் இரும்பு துருப்பிடிக்காதா? பிடிக்கும். ஆனால், துரு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. மண்ணெண்ணெய் இறுகிய அழுக்கைக் கரைக்கும், மிஷின் எண்ணெய் துருவைத் தள்ளிவைக்கும், வேலை முடிந்ததும் ஒரு துணி மூடினால் பாதி காவல் முடிந்தது. அதே ஈரம் சர்க்யூட் போர்டில் இறங்கினால் அதைத் துடைக்க எந்தத் துணியும் இல்லை.

அரசே மிஷின் கொடுக்கும்போது செகண்ட் ஹேண்ட் எதற்கு என்றும் கேட்கலாம். கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் முதலில் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. தகுதி இல்லாதவர்களுக்கும், இரண்டாவது மிஷின் தேவைப்படுகிறவர்களுக்கும் செகண்ட் ஹேண்ட்தான் கதி. திட்டம் நடத்துகிறவர்களும் ஒன்றை யோசிக்கலாம். மிஷின் கொடுப்பதோடு நிற்காமல், மலையிலேயே பத்துப் பெண்களுக்கு ஷட்டில் மாற்றவும் டென்ஷன் வைக்கவும் பல் உயரம் சரிசெய்யவும் பயிற்சி கொடுத்தால், கொடுத்த மிஷின்கள் மூலையில் தூங்காது. பயிற்சி பெற்றவர்களுக்கும் அது ஒரு தொழில்.

ஆக, கொல்லிமலையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு என் முடிவு இது. முதல் மிஷின், உருண்டை பாபின் போடும் முழு இரும்பு நேர்த்தையல் மிஷினாக இருக்கட்டும். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்பது இரண்டாம்பட்சம். வேலை குவிந்தால் மோட்டார் தனியாக உள்ள பவர் மிஷின் இரண்டாவதாக வரட்டும். போர்டு வைத்த மிஷின்மேல் ஆசை இருந்தால், பணம் சேர்த்துப் புதிதாக வாரன்டியோடு வாங்குங்கள். எதை வாங்கினாலும் இரண்டு பாபின் கேஸ், ஒரு ஷட்டில், 14, 16, 18 எண் ஊசிகள், ஒரு பெல்ட், ஒரு புட்டி எண்ணெய் ஆகியவற்றை அடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு மலையேறுங்கள்.