அகழ்: கடன் பெற்ற சொல்லும் காத்து நின்ற அரணும்

அரண் காக்கத் தோண்டப்படும் பள்ளத்தை அரபு மொழி 'கந்தக்' என்று வழங்குகிறது. இச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம், இது அரபியில் பிறந்த சொல்லன்று என்பதையும் நாம் சேர்த்தே கூறி வருகிறோம். 'தோண்டப்பட்டது' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லே அரபு உருப்பெற்றுக் 'கந்தக்' ஆயிற்று. 'அகழ்' என்னும் வினையிலிருந்து 'அகழி' பிறந்ததை இது ஒத்திருக்கிறது. சொல் வந்த வழியிலேயே அது குறிக்கும் போர்முறையும் அரபகத்துக்கு வந்தது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போர் திறந்த வெளியில் நிகழ்ந்தது. வில்லாளர்கள் குன்றை விட்டு இறங்கியதும், காலித் பின் வலீதின் குதிரைப்படை பின்புறமாகச் சூழ்ந்து தாக்கியது. திறந்த வெளியில் குதிரைப்படைக்கு எதிரே காலாட்படை எவ்வளவு எளிதில் நிலைகுலையும் என்பதற்கு அதுவே சான்று. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) குறைஷியரும் கத்ஃபான் குலத்தாரும் பிறரும் கூட்டணியாய்த் திரண்டு, ஏறத்தாழ 10,000 பேர் மதீனாவை நோக்கி வந்தனர். முஸ்லிம்களோ சுமார் 3,000 பேர்.

மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் கற்பரப்புகள். தெற்கில் அடர்ந்த பேரீச்சந் தோப்புகள். குதிரைப்படை பாய்ந்து வரத்தக்க வழி வடக்கு ஒன்றே. அவ்வழியை அகழால் மறிக்கும் யோசனையை ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றதோடு, பசியோடும் குளிரோடும் தோழர்களுடன் தாமும் மண் சுமந்தார்கள். பதின்மருக்கு 40 முழம் என வேலை பகிரப்பட்டதாக அறிவிப்பு உண்டு. தோண்டிய மண் உட்புறம் குவிக்கப்பட்டது. ஸல்உ மலை படையின் பின்னரணாய் அமைந்தது.

வந்தவர்கள் திகைத்தனர். அரபிகள் இத்தகைய தடையைப் போர்க்களத்தில் கண்டதில்லை. குறுகலான ஓரிடத்தில் அம்ரு பின் அப்து வுத் முதலிய சிலரே குதிரையைத் தாண்டச் செய்தனர். அம்ரு, அலீ (ரலி) அவர்களால் வீழ்த்தப்பட்டான். எஞ்சியது முற்றுகை. நெடிய முற்றுகைக்கோ உணவும் தீவனமும் வேண்டும். மதீனாவின் வயல்கள் முன்பே அறுவடையாகியிருந்தன.

உள்ளிருந்தோர் நிலையும் எளிதன்று. பனூ குறைழா உடன்படிக்கையை முறித்ததால் பின்புறத்திலும் அச்சம் சூழ்ந்தது. இஸ்லாத்தை ஏற்றதை மறைத்து வைத்திருந்த நுஅய்ம் பின் மஸ்ஊத் (ரலி) எதிரணிகளிடையே ஐயத்தை விதைத்தார். இறுதியில் இறைவன் அனுப்பிய கடுங்குளிர்க் காற்று கூடாரங்களைச் சாய்க்க, கூட்டணி கலைந்தது. முஸ்லிம்களில் அறுவரும் எதிரிகளில் மூவருமே உயிரிழந்தனர் என்பது இப்னு இஸ்ஹாக்கின் கணக்கு. அவ்வளவு பெரிய படையெடுப்பில் இத்துணைக் குறைவான உயிரிழப்பே அகழின் உண்மையான வெற்றி என்போம்.

தாயிஃப் முற்றுகையில் (ஹிஜ்ரி 8) பயன்பட்ட கல்லெறி பொறியின் 'மன்ஜனீக்' என்னும் பெயரும் கிரேக்க மூலமுடையதே. ஓர் அறிவுத்துறையைக் கண்டதும் அது யாருடையது என்று வினவி ஒதுங்குவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அகழின் கரையில் அவ்வினா எழுந்திருந்தால் மதீனாவின் வடக்கு வாயில் திறந்தே கிடந்திருக்கும். பயன் உண்டா, அறத்துக்கு இயைந்ததா என்று மட்டுமே அங்கே பார்க்கப்பட்டது. பாரசீகர் ஒருவரின் பட்டறிவை ஏற்க அண்ணலார் (ஸல்) தயங்கவில்லை. நாம் ஏன் தயங்க வேண்டும்?