வம்சாவளி சேகரிப்பவர் கணினி வாங்கும்போது

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது. அதில் தங்கள் முன்னோரைத் தேடும் குடும்பங்கள் டர்பனிலும் உண்டு, இங்கும் உண்டு. இந்தப் பட்டியலில் கிடைத்த நம்மவர்களோடு குலதெய்வக் கோயில் பங்காளிகளையும் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துக்கொண்டே போனால் லட்சம் பேரைத் தாண்டிவிடும். பழைய கணினி திணறுகிறது. கடைக்குப் போய் "பெரிய டேட்டாபேஸ் ஓடணும்" என்கிறோம். விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்பைத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

லட்சம் பேரின் பெயரும் தேதியும் உறவும் வெறும் எழுத்துதான். சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். சுமை தேடலில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகேசன் என்று தேடினால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர் எல்லாம் ஒத்துப்பார்த்தால்தான் நம் முருகேசன் அகப்படுவார். சுழலும் ஹார்ட் டிஸ்க், இப்படிச் சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு நூறு நூற்றைம்பது தடவைதான் எடுத்துத் தரும். எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை தரும். அடுத்தது நம் கல்யாண முறை. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிய வீடுகளில் ஒரே பாட்டனார் நாலு வழியில் வருவார். உறவு வரைபடம் போடும் மென்பொருள் நாலு வழியிலும் ஏறி அவரிடம் போய்த் திரும்பும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் இந்த வேலையைப் பெரும்பாலும் புராசஸரின் ஒரே கோரில் செய்கிறது. எனவே எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகத்தைப் பாருங்கள். ரேம் 16 ஜிபி வையுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு இங்கே வேலையே இல்லை.

அந்தப் பணத்தைப் படங்களைச் சேமிக்கச் செலவிடலாம். ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால் சுமார் 100 எம்பி. ஆயிரம் பக்கப் பத்திரங்களுக்கு 100 ஜிபி போய்விடும். டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், படங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும்.

பணம் கட்டுமுன் கடையிலேயே கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ரேம் ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புதியது என்று விற்கும் கணினியில் அது ஆயிரக்கணக்கில் இருந்தால் வாங்காதீர்கள். ரீஃபர்பிஷ்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய புராசஸர் மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

புராசஸர் மாடல், ரேம், எஸ்எஸ்டி அளவு, புதியதா பழையதா என்பதெல்லாம் பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறார்களே என்று பின்வாங்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் புகார், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கணினிக்கு இழப்பீடு கிடைக்கும். இறந்துபோன அத்தை சொல்லிவிட்டுப் போன பெயர்களுக்கு எந்த ஆணையமும் இழப்பீடு தர முடியாது. இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டாபேஸ் சிதைய வாய்ப்புண்டு. கூகுள் டிரைவோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் டேட்டாபேஸை வைத்து வேலை செய்யாதீர்கள், அதுவும் கோப்பைக் கெடுக்கலாம். மாதம் ஒருமுறை, வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் வடிவில் நகல் எடுத்து இன்னொரு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள். வழக்கமான ஜெட்காம் கோப்பில் படங்கள் வராது, அவற்றைத் தனியே நகலெடுக்க வேண்டும். எழுத்துக் குறியீடு யூனிகோடாக, யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள் அடுத்த மென்பொருளில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, தாயின் பெயர், போன் எண் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு அதைவிட வசதி வேறில்லை. 2023-ல் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. பலருடைய குடும்ப மர விவரங்களும் அதில் அடங்கும். நீங்கள் பகிரும் நகலில் உயிரோடிருப்பவர்களின் விவரத்தை மறைத்துக் கொடுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. சர்வீஸுக்குக் கொடுக்குமுன் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிடுங்கள். பழைய கணினியை விற்கும்போது வெறுமனே ஃபார்மட் அடித்தால் போதாது, அழித்ததை மீட்டெடுக்க இலவச மென்பொருளே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றுவிடுங்கள்.