சிறுநீரகத்துக்குள் யார் யார்?

நம் முதுகுப் பக்கம் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். இது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே இன்னும் பல செல்கள் குடியிருக்கின்றன.

நெஃப்ரானின் தலையில் குளோமரூலஸ் என்னும் இரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. முடிச்சு கலையாமல் நடுவில் தாங்கிப் பிடிப்பவை மீசாஞ்சியல் செல்கள். வெளியே விரல் கோத்த மாதிரி சுற்றிப் பிடித்திருப்பவை போடோசைட்டுகள். விரல் இடுக்கில் நீரும் உப்பும் போகும், புரதம் போகாது. நெஃப்ரான்களுக்கு நடுவே நார் உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் இருக்கின்றன.

அடுத்து காவல் செல்கள். 1882-ல் மெச்னிகாஃப் என்பவர் நட்சத்திர மீனின் லார்வாவில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. (நம் காலில் கருவேல முள் ஏறினால் சீழ் கட்டுதே, அதுவும் இந்த வேலைதான்.) இப்படி விழுங்கும் பெரிய செல்லுக்கு மேக்ரோஃபேஜ் என்று பெயர். சிறுநீரகத்தில் அது எப்போதும் உண்டு. 1908-ல் அவரோடு நோபல் பரிசைப் பங்கு போட்டவர் பால் எர்லிக். செல்களுக்குச் சாயம் போட்டு இனம் பிரித்தவர் அவர். அருப்புக்கோட்டைக்காரர்களுக்குச் சாயத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

எங்கள் சித்தப்பா திருச்சுழி பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். மேல்வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவார். போன வருஷம் வாந்தியும் அசதியுமாகப் படுத்துவிட்டார். மதுரையில் முதுகு வழியாக ஊசி விட்டு, நூல் மாதிரி கொஞ்சம் சதை எடுத்தார்கள். "இத்துனூண்டுல என்னத்தம்மா பாப்பீக?" என்று கேட்டார் சித்தப்பா. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார்கள்.

சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஹெமடாக்சிலின் சாயம் போட்டால் செல்லின் உட்கரு நீலமாகும். உட்கருவே செல்லை அடைத்துக்கொண்டு கருநீலப் புள்ளியாகத் தெரிந்தால் அது லிம்போசைட். ஆனால் டி லிம்போசைட்டும் பி லிம்போசைட்டும் பார்க்க ஒரே மாதிரி, இரட்டைப் பிள்ளைகள் போல. அதனால் செல்லில் உள்ள புரதத்தைப் பார்க்கிறார்கள். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி20, மேக்ரோஃபேஜுக்கு சிடி68. அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை விட்டு நிறமேற்றினால், ஒட்டிய செல் பழுப்பாகத் தெரியும். ரேஷன் கார்டு நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது மாதிரிதான்.

சித்தப்பா சதையில் நெஃப்ரான்களுக்கு நடுவே லிம்போசைட் கூட்டம். நார்த் தழும்பு ஓரிரு இடத்தில் மட்டும். வலி மாத்திரையால் இப்படி வருமாம். மாத்திரையை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. கிரியேட்டினின் 4.1-லிருந்து 1.6-க்கு இறங்கிவிட்டது. நார் விழுந்த இடம் மட்டும் அப்படியே இருக்குமாம்.